உதிரும் இலையும் ஊறும் பாலும்



தைப்பூசம் முடிந்த கையோடு கித்தாக் காட்டுக்குள் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மேலே வெறுங்கிளைகள்; கீழே கணுக்கால் புதையும் சருகு. மற்ற மாதங்களில் உச்சிப் பொழுதிலும் நிழல் கவிந்திருக்கும் நிரைகளுக்குள் அப்போது வெயில் நேராக இறங்கும். நடந்தால் சரசரவென்று சத்தம். மங்கிலோ பால் குறைந்துபோகும். பாலின் எடையோடு கூலி பிணைந்திருந்த காலத்தில் இந்த இரண்டு மூன்று மாதங்களின் வறட்சி லயத்து அடுப்பு வரை வந்து உறைத்தது. "மரம் படுத்துக்கிச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

மலேசியத் தோட்டங்களில் இன்று பெரும்பகுதி செம்பனை. ரப்பரில் பெரும்பங்கு சிறு தோட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலருடைய குடும்பங்களில் பால் வெட்டிய தாயோ பாட்டனோ உண்டு. இன்றும் வெட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஆகவே நமக்குப் பழக்கமான இந்த மரத்தை முன்னால் வைத்துக்கொண்டே இன்றைய பேச்சைத் தொடங்குவோம். இலை உதிர்க்கும் மரம் உண்மையிலேயே படுத்துக்கொள்கிறதா?

ஒரு சின்னச் சோதனை. மரத்திலிருந்து பச்சை இலை ஒன்றைப் பறியுங்கள். அதே மரத்தடியில் அன்று காலை விழுந்த பழுத்த இலை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள. இரண்டும் ஒரே வடிவம். இரண்டிலும் மூன்று இலைகள் ஒரே காம்பில் சேர்ந்திருக்கும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துத் தழைச்சத்தை அளந்து பார்த்தால் கணக்கு வேறாக இருக்கும். இலையுதிர்க்கும் மரங்களில் பொதுவாகப் பச்சை இலையில் இருந்த தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி, பழுத்து விழுந்த இலையில் இருப்பதில்லை. அது எங்கே போயிற்று? மழை கரைத்தது கொஞ்சம்தான். மிச்சத்தை மரமே திரும்ப எடுத்துக்கொண்டது. வீடு மாறிப் போகிறவர்கள் கதவு, நிலை, தகரம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வெறும் சுவரை மட்டும் விட்டுப் போவதுபோல, இலையைக் காலி செய்த பிறகே மரம் அதைக் கீழே விடுகிறது.

எதைக் கழற்றுகிறது, எப்படிக் கழற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால் புரதம் என்ற பொருளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவ விடுதியில் தாதி சொல்லும் அதே புரதம்தான். பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கித்தா மரத்திலும் அது இருக்கிறது என்பதை நம் மூக்கே அறியும். ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் மூட்டையில் இரண்டு நாள் கிடந்தால் எழும்பும் நாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நாற்றம் ரப்பருடையது அன்று. ரப்பரோடு சேர்ந்திருக்கும் புரதமும் மற்றப் பொருள்களும் கிருமிகளால் அழுகுவதால் உண்டாவது. மங்கிலுள்ள பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், பெரும்பகுதி தண்ணீர், நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் புரதம். அந்த ஒன்றிரண்டு பங்குதான் பாலைப் பாலாக வைத்திருக்கிறது. ரப்பர்த் துளிகள் ஒவ்வொன்றின் மேலும் புரதம் ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைக்கிறது. பால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றும்போது இந்தப் போர்வையின் தள்ளும் சக்தி போய்விடுகிறது. துளிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள, பால் கட்டியாகிவிடுகிறது.

இனி உயிரணுவுக்குள் போவோம். மரத்தின் இலை, பட்டை, வேர் எல்லாமே உயிரணுக்களால் ஆனவை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு அறைகளில் வேலை செய்யும் ஆட்கள்தாம் புரதங்கள். ஒளியைப் பிடிப்பது ஒரு புரதத்தின் வேலை. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்குவது இன்னொன்று. ரப்பரை இழை இழையாக நீட்டுவது வேறொன்று. ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த ஒரு நீளமான சரம். ஆனால் சரமாக இருக்கும்வரை அதற்கு வேலை தெரியாது. அது தனக்குரிய விதத்தில் மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்க வேண்டும். சாவிக்குப் பல் எப்படியோ, புரதத்துக்கு மடிப்பு அப்படி. பல் தேய்ந்தால் சாவி பூட்டைத் திறக்காது.

இந்த மடிப்புதான் எளிதில் கெட்டுப்போவது. முட்டையை வேகவைக்கும் தாய்மார்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். தண்ணீர் போலிருந்த வெள்ளைக் கரு வெந்ததும் இறுகி வெளுத்துவிடுகிறது. உள்ளே நடந்தது என்னவென்றால், தனித்தனியாக மடிந்திருந்த சரங்கள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. நூல் சிக்கல்போல. ஆறவைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. உச்சி வெயிலில் நிற்கும் இலையிலும் இதே ஆபத்து உண்டு. முட்டையின் அளவுக்கு இல்லை. ஆனால் சில புரதங்கள் அவிழத் தொடங்கிவிடும். அவிழ்ந்தவை பக்கத்திலுள்ள நல்லவற்றையும் இழுத்துச் சிக்க வைக்கும். வறட்சி, உப்புத் தண்ணீர், சத்துக் குறைவு, பூச்சிக் கடி எல்லாமே இதைப் போன்ற தொல்லையைக் கொண்டுவரும். மனிதன் என்றால் நிழலுக்குப் போகலாம். மரம் நின்ற இடத்தில் நின்றாக வேண்டும்.

அதற்கென்று மரம் வைத்திருக்கும் முதல் ஏற்பாடு துணைப் புரதங்கள். புதிதாக உருவாகும் சரத்தைப் பிடித்துக்கொண்டு அது ஒழுங்காக மடியும்வரை பக்கத்தில் நிற்பவை இவை. அவிழ்ந்துபோன புரதத்தைக் கண்டால் அதைத் தனியே ஒதுக்கிப் பிடித்து, சிக்காமல் காத்து, மீண்டும் மடிய உதவுகின்றன. பிள்ளை பெற்ற வீட்டில் சில நாள் தங்கி எல்லாவற்றையும் கவனித்துவிட்டுப் போகும் அத்தையைப்போல என்று சொல்லலாம். தாமும் அந்த வீட்டில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அடுத்த வீடு.

இந்தத் துணைப் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. இத்தாலியில் ரிட்டோசா என்ற விஞ்ஞானி பழத்தில் மொய்க்கும் சிறு ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈக்களின் திசுக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டி வைத்துவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் கெட்டுப்போயிற்று என்று கொட்டியிருப்பார். அவர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். உயிரணுவின் உட்கருவில், அதுவரை அமைதியாக இருந்த சில இடங்கள் புடைத்துக்கொண்டு சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தன. 1962-இல் அதை வெளியிட்டார். அந்த இடங்களிலிருந்து உண்டாகும் புரதங்கள் 1974-இல் அடையாளம் காணப்பட்டன. சூடு பட்டதும் சுரக்கும் இவை ஈயில் மட்டுமல்ல, கிருமியிலும் மனிதனிலும் செடியிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. செடிகள் பழகிய வெப்பத்தைவிட ஐந்து முதல் பத்துப் பாகை கூடிவிட்டால், சில நிமிடங்களுக்குள் மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டு இவற்றைச் செய்யத் தொடங்குகின்றன.

இதில் நாற்றுமேடையில் வேலை செய்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சோயா அவரை நாற்றுகளை 28 பாகை வெப்பத்திலிருந்து எடுத்து நேராக 45 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் அவை பிழைப்பதில்லை. ஆனால் முதலில் 40 பாகையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு அதே 45 பாகைக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்கின்றன. இடையில் கிடைத்த அவகாசத்தில் துணைப் புரதங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நிழலில் வளர்ந்த கன்றை ஒரே நாளில் வெட்டவெளியில் நடாமல், பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்கும் வழக்கம் நமக்கு இந்தப் புரதங்களின் பெயர் தெரியாத காலத்திலேயே வந்துவிட்டது.

இரண்டாவது ஏற்பாடு, திருத்த முடியாதவற்றை அகற்றுவது. எவ்வளவு உதவினாலும் சில புரதங்கள் மீள்வதில்லை. அவற்றை விட்டு வைத்தால் அறை நிறையச் சிக்கல் சேரும். அதே சமயம் கண்டதையெல்லாம் உடைத்துவிடவும் கூடாது; நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கிறதே! ஆகவே உயிரணு முதலில் அடையாளம் போடுகிறது. நோய் கண்ட மரத்துக்குச் சாயம் பூசி வைப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் கழிக்க வேண்டிய புரதத்தின்மேல் யூபிகுவிட்டின் என்ற மிகச் சிறிய புரதம் ஒன்று ஒட்டப்படுகிறது. ஒன்று போதாது, ஒன்றின் வாலில் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கப்படுகிறது. அந்தச் சங்கிலியைக் கண்டதும் பீப்பாய் வடிவத்தில் இருக்கும் ஓர் அரவை எந்திரம் அதைப் பிடித்து, மடிப்பை அவிழ்த்து, உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கி வெளியே விடுகிறது. இந்த அரவை எந்திரத்துக்குப் புரோட்டியாசோம் என்று பெயர். கத்திகள் எல்லாம் பீப்பாய்க்கு உள்பக்கம் இருப்பதால் வெளியே நிற்கும் நல்ல புரதத்துக்குக் காயமில்லை. அடையாளச் சங்கிலியும் வீணாவதில்லை. உள்ளே போகும் முன் கழற்றப்பட்டு அடுத்த புரதத்துக்குப் பயன்படுகிறது. துண்டுகள் மேலும் உடைந்து அமினோ அமிலங்களாகி, புதிய சரம் கோக்க மணிகள் ஆகின்றன.

இந்த அடையாள முறையைக் கண்டறிந்த சிக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியல் நோபல் பரிசு கிடைத்தது. யூபிகுவிட்டின் 76 மணிகள் கொண்ட சரம். செடியில் இருப்பதையும் மனிதன் உடம்பில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மூன்றே மூன்று மணிகள்தாம் வேறுபடுகின்றன. மரத்தை வெட்டும் கைக்குள்ளும் வெட்டுப்படும் பட்டைக்குள்ளும் ஏறத்தாழ ஒரே அடையாளச் சீட்டு. நமக்கு இந்தச் செய்தியைப் படித்த அன்று வேறு எதுவும் ஓடவில்லை.

இலைக்குள் இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தில் ஒளியைப் பிடிக்கும் இடத்தின் நடுவில் டி-1 என்ற புரதம் இருக்கிறது. ஒளியைப் பிடிப்பதே இதற்கு ஆபத்தாக முடிகிறது. கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இது பழுதாகிவிடும். உடனே பழையதைப் பிரித்தெடுத்து நொறுக்கிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். ஓடுகிற லாரியில் டயர் மாற்றுவதைப் போன்றது இது. இந்த வேலைக்குப் பசுங்கணிகம் தனியாகவே தன் கத்திகளை வைத்துக்கொண்டிருக்கிறது. காலை முதல் மாலை வரை அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் இலைக்குள் பொழுதெல்லாம் பட்டறை ஓடுகிறது.

மூன்றாவது ஏற்பாடுதான் இலையுதிர் காலத்தில் பெரிதும் கைகொடுப்பது. அரவை எந்திரம் புரதங்களை ஒவ்வொன்றாகத்தான் விழுங்கும். பெரிய சிக்கல்களையும், பழுதான உறுப்புகளையும், பசுங்கணிகத்தின் பகுதிகளையும் அதனால் விழுங்க முடியாது. அவற்றுக்கு உயிரணு வேறு வழி வைத்திருக்கிறது. கழிக்க வேண்டியதைச் சுற்றி இரட்டைச் சவ்வு ஒன்று வளர்ந்து பைபோல மூடிக்கொள்கிறது. அந்தப் பை நகர்ந்து சென்று உயிரணுவின் நடுவிலுள்ள சாற்றுப் பைக்குள் கலந்துவிடுகிறது. செடியின் உயிரணுவில் இந்தச் சாற்றுப் பைதான் பெரும்பங்கு இடத்தைப் பிடித்திருக்கிறது; முதிர்ந்த உயிரணுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குகூட இருக்கும். அதனுள் புளித்த சாறும் செரிக்கும் நொதிகளும் இருக்கின்றன. உள்ளே போனது செரித்துக் கரைந்து, பயன்படும் பொருள்கள் திரும்பவும் வெளியே வருகின்றன.

தன்னைத் தானே உண்ணுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் விஞ்ஞானிகள் இதை அழைக்கிறார்கள். பெயர் பயமாக இருக்கிறது, செயல் அப்படியல்ல. ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டைப் பட்டினி போட்டு, அதன் சாற்றுப் பைக்குள் சிறு பைகள் வந்து குவிவதை உருப்பெருக்கியில் பார்த்தார். 1992-இல் அதை எழுதினார். மறு ஆண்டிலேயே இந்த வேலையை நடத்தும் மரபணுக்களில் பதினைந்தை அடையாளம் காட்டினார். 2016-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈஸ்டில் கண்ட அதே மரபணுக்களின் உறவுகள் செடிகளிலும் இருக்கின்றன.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். தன்னைத் தானே உண்பதை நிறுத்திவிட்டால் செடி இன்னும் நீண்ட நாள் பசுமையாக இருக்குமே? அப்படித்தான் தோன்றும். கடுகுச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இதற்குரிய மரபணுவைச் செயலற்றதாக்கிப் பார்த்தார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது நேர்மாறான முடிவு. அந்தச் செடிகளின் இலைகள் மற்றவற்றுக்கு முன்பாகவே மஞ்சளாகி முதிர்ந்தன. சத்தில்லாத மண்ணில் வைத்தபோது இன்னும் விரைவாக வாடின. பிற்பாடு நடந்த ஆய்வுகளில், அவற்றின் விதைகளுக்குப் போய்ச் சேர்ந்த தழைச்சத்தும் குறைந்திருப்பது தெரிந்தது. குப்பை அள்ளாத வீட்டில் நோய் முதலில் வருகிறது. அதோடு, பழைய சாமானைப் பிரித்தெடுக்க முடியாத வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லாமல் போகிறது.

இப்போது கித்தா மரத்தின் இலைக்குத் திரும்புவோம். ஒரு பச்சை இலையிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி பசுங்கணிகங்களுக்குள் இருக்கும் புரதமாகவே இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் அந்த ஒரே புரதம் மட்டும், இலையின் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி வரை இருக்கக்கூடும். வேலைக்கு வேலை, சேமிப்புக்குச் சேமிப்பு. வறண்ட நாட்கள் வந்ததும் மரம் இந்தச் சேமிப்பை எடுக்கத் தொடங்குகிறது. பைகள் பசுங்கணிகத் துண்டுகளைச் சாற்றுப் பைக்குக் கொண்டுபோகின்றன. பச்சையமும் பிரிக்கப்படுகிறது. அதைப் பிடித்திருந்த புரதம் போன பிறகு பச்சையம் தனியே வெயிலில் நின்றால் உயிரணுவைச் சுட்டுவிடும். அதனால்தான் அதையும் முடக்க வேண்டியிருக்கிறது. பச்சை மறைந்ததும் அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிரித்தெடுத்த அமினோ அமிலங்கள் காம்பு வழியாக இறங்கிக் கிளைக்கும் பட்டைக்கும் போய்ச் சேருகின்றன. எல்லாம் முடிந்த பிறகு காம்பின் அடியில் ஒரு தடுப்பு வளர்ந்து, இலை கழன்று விழுகிறது. சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்க்கிறதே, அதற்கு முதல் போட்டது பழைய இலையிலிருந்து வந்த இந்தச் சேமிப்புதான். வேர் மண்ணிலிருந்து புதிதாக எடுத்துக் கொடுப்பது மட்டும் போதுமாயிருந்தால் இத்தனை வேகத்தில் ஒரு காடு முழுவதும் துளிர்த்துவிட முடியாது.

வீட்டுக்குப் பின்னால் மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்கள் இதே வேலையைச் சிறு அளவில் பார்க்கலாம். மண்ணில் தழைச்சத்து குறைந்தால் மஞ்சளாவது அடி இலைகள்தாம். நுனி பச்சையாகவே இருக்கும். செடி முதிய இலையைப் பிரித்து இளைய இலைக்கு ஊட்டுகிறது. ஆனால் இரும்புச்சத்து குறைந்தால் நுனி இலை முதலில் வெளுக்கும், ஏனென்றால் இரும்பைப் பழைய இலையிலிருந்து அவ்வளவு எளிதாக எடுக்க முடியாது. அடியா நுனியா என்று பார்த்தாலே செடிக்கு எந்தப் பசி என்று பாதி தெரிந்துவிடும். செம்பனையிலும் மக்னீசியம் குறைந்தால் கீழ்வரிசை மட்டைகளே ஆரஞ்சு நிறமாகின்றன. மேல் மட்டைகளுக்காகக் கீழ் மட்டை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மேல் மட்டைகளை வெட்டிவிட்டால், கொடுக்கல் வாங்கல் முடியும் முன்பே அவற்றை நாம் பறித்துவிடுகிறோம். வெட்டிய மட்டையை நிரைக்கு இடையில் அடுக்கி மக்க வைப்பது அந்த இழப்பில் கொஞ்சத்தை மண்ணுக்குத் திருப்பும்.

கடைசியாகப் பாலுக்கு வருவோம். பால் வெட்டுகிறவர்களில் பலர், மரத்தின் இரத்தம் என்று பாலைச் சொல்வதுண்டு. உண்மை அதைவிட நெருக்கமானது. பால் என்பது உயிரணுவின் உள்ளடக்கமே. பட்டைக்குள் வரிசையாக இருக்கும் உயிரணுக்களின் இடைச்சுவர்கள் கரைந்து ஒரே குழாயாகிவிடுகின்றன. அந்தக் குழாய்களில் இருப்பது பால். குழாய்கள் மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாய்ந்து செல்கின்றன. வெட்டுக் கோட்டை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறக்குவதற்குக் காரணம் அதுதான். அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியும் முன் இந்தக் குழாய்களில் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல நான்கைந்து மடங்கு. வெயில் ஏறி இலைகள் தண்ணீரை இழுக்கத் தொடங்கினால் அழுத்தம் குறைந்துவிடும். பெரட்டு இருட்டோடு நடந்ததற்கும் தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியதற்கும் காரணம் இந்த அழுத்தமே.

வெட்டியதும் உட்கருவும் ஆற்றலைத் தரும் உறுப்புகளும் பெரும்பாலும் குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. ரப்பர்த் துளிகள், புரதம் செய்யும் சிறு பட்டறைகள், நொதிகள் ஆகியவை மங்குக்குப் போய்விடுகின்றன. இவற்றோடு லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகளும் வெளியேறுகின்றன. பாலின் கொள்ளளவில் பத்து முதல் இருபது விழுக்காடு இவையே. நாம் முன்பு சொன்ன சாற்றுப் பையின் இனத்தைச் சேர்ந்தவை இவை. உள்ளே அதே புளித்த சாறும் செரிக்கும் நொதிகளும் உண்டு. வெட்டு வாயில் அழுத்தம் திடீரென்று குறையும்போது இந்தப் பைகள் உடைகின்றன. அவற்றின் சாறு பட்டுப் பால் அங்கேயே உறைந்து குழாயின் வாயை அடைக்கிறது. சில மணி நேரத்தில் பால் நின்றுவிடுவது இதனால்தான். கழிவைச் செரிக்கும் பையே காயத்துக்குக் கட்டுப்போடும் மருந்தாகவும் இருக்கிறது.

அதன் பிறகு மரம் போனதையெல்லாம் மீண்டும் செய்ய வேண்டும். ரப்பர் மட்டுமல்ல, புரதங்கள், பட்டறைகள், பைகள் எல்லாவற்றையும். தங்கிவிட்ட உட்கருதான் இதற்கு உத்தரவு கொடுக்கிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. அரைச்சுற்று வெட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற முறை வந்ததற்கும், பிற்பாடு பல இடங்களில் மூன்று நாளுக்கு ஒரு முறையாகக் குறைந்தபோது மரம் நன்றாகவே தாங்கியதற்கும் இந்தக் கணக்கு துணை நிற்கிறது. மூன்று நாள் முறைக்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எத்தபோன் என்ற மருந்தைப் பூசினால் அடைப்பு தாமதமாகிப் பால் நீண்ட நேரம் ஓடும். அளவோடு பூசி, வெட்டும் நாட்களையும் குறைத்துக்கொண்டால் மரம் சமாளிக்கும். மருந்தும் பூசி, நாள்தோறும் வெட்டவும் செய்தால், பழுதுபார்க்கும் வேலை பின்தங்கிப்போகும். உயிரணுவில் தீங்கான பொருள்கள் சேர்ந்து லூட்டாய்டுகளின் சவ்வைக் கெடுக்கும். அவை வெட்டு வாயில் உடைவதற்குப் பதில் குழாய்க்கு உள்ளேயே உடையும். பால் பட்டைக்குள் உறைந்துவிடும். வெட்டுப்பட்டை வறண்டுபோவது என்று நாம் அஞ்சும் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

இலை உதிர்ந்து தளிர்க்கும் வாரங்களில் வெட்டை நிறுத்தச் சொல்வதன் காரணமும் இதில் அடங்கும். அப்போது மரத்துக்கு இலையில் உணவு செய்ய ஆளில்லை. கையிலிருக்கும் சேமிப்பு முழுதும் தளிருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பட்டையில் எடுக்கும் ஒவ்வொரு மங்கும் தளிரிடமிருந்து பிடுங்குவதாகும். அந்த ஓய்வு நாட்களின் செலவைத் தொழிலாளி வீட்டுத் தலையில் மட்டும் கட்டியது மரத்தின் குற்றமில்லை. அது கூலியை எப்படி வகுத்தார்கள் என்ற கணக்கைச் சேர்ந்தது.

வறட்சி நோய் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் பால் நீர்த்துப்போய், நேரங்கழித்தும் சொட்டிக்கொண்டிருக்கும். அதிகப் பால் வருகிறதென்று மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். பிறகு வெட்டுக் கோட்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பால் வராத இடம் தெரியும். அந்த இடம் நீண்டுகொண்டே போகும். முற்றிய நிலையில் பட்டை பழுப்பேறி வெடிக்கும். அதற்குப் பின் மீட்பது அரிது. நீர்த்த பால் சொட்டும்போதே, அல்லது அந்த விரல் அகல இடத்தைக் கண்ட அன்றே, மரத்தில் அடையாளமிட்டுச் சில மாதம் வெட்டாமல் விட்டால் சில மரங்கள் மீண்டும் பால் கொடுக்கின்றன. நேரங்கழித்துச் சொட்டும் மரத்தைப் பார்த்தால் மங்கை நிமிர்த்திவிட்டு வெட்டுக் கோட்டையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள்.